சிக்கிட்டோஸ் பரோக் விழா: முந்நூறு ஆண்டுத் தொடர்ச்சி என்பது எவ்வளவு உண்மை?

நீங்கள் கேட்டது இதுதான்: பொலிவியாவின் கிழக்கே சிக்கிட்டோஸ் என்ற காட்டுப் பகுதியில், மரத்தூண் வைத்த பழைய தேவாலயங்களில் பழங்குடிப் பிள்ளைகள் வயலின் வாசிக்கும் காணொளி ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். முந்நூறு ஆண்டுகளாக இவர்கள் விடாமல் வாசித்துவரும் பரோக் இசை (பரோக் என்பது 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கலைப் பாணி) என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். அது நிஜமா, சுற்றுலாவுக்காகக் கட்டிய கதையா, அங்கே நடக்கும் பரோக் இசை விழாவுக்குச் செலவழித்துப் போகலாமா என்பவை உங்கள் கேள்விகள். இவற்றுக்கு அடியில் உங்களை உறுத்துவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அங்கே கேட்பது யாருடைய இசை?

நான் பரோக் வயலின் வாசிப்பவன், சொல்லிக்கொடுப்பவன். சிக்கிட்டோஸின் பழைய கையெழுத்து ஏடுகளிலிருந்து அச்சான இசைத்தாள்களோடு எனக்குப் பல வருஷப் பழக்கம் உண்டு. விழாவுக்கும் பார்வையாளனாகப் போய்வந்திருக்கிறேன். கட்டடக்கலை என் துறை இல்லை. அதைப் பற்றிச் சொல்வதை ஒரு ரசிகன் படித்ததும் பார்த்ததுமாக எடுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமான பதில் வேண்டுமானால்: விழா புதியது, 1996இல்தான் தொடங்கியது. கட்டடங்கள் பழையவை, ஆனால் கணிசமாகச் சீரமைக்கப்பட்டவை. இசைத்தாள்கள் பழையவை, அதில் சந்தேகமே வேண்டாம். தாள்களில் உள்ள இசை மட்டும் இடையில் நெடுங்காலம் ஓய்ந்து கிடந்தது. ஆகவே காணொளி சொன்னது பாதி நிஜம். ஆனால் அந்தப் பாதியே போதுமான அளவு வியப்புக்குரியது.

பொலிவியா என்றதும் ஆண்டிஸ் மலையும் லாமாவும்தான் நமக்கு நினைவுக்கு வரும். சிக்கிட்டோஸ் அதற்கு நேர்மாறான நிலம். நாட்டின் கிழக்கே, பிரேசில் எல்லைப் பக்கம், சாந்தா குரூஸ் மாகாணத்தில் வெயில் கொளுத்தும் தாழ்நிலக் காடு. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே ஸ்பானிய ஆட்சி பெயருக்குத்தான் இருந்தது. சாவ் பாவ்லோ பக்கமிருந்து வந்த அடிமை பிடிப்பவர்கள் ஒருபுறம், சாந்தா குரூஸ் நகரத்து ஸ்பானியர்கள் மறுபுறம் என்று பழங்குடிகளை வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். அந்த நிலையில் 1691இல் இயேசு சபைத் துறவிகள் சான் ஹவியேர் என்ற முதல் மிஷன் ஊரை அமைத்தார்கள். 1760இல் வந்த சாந்தோ கொராசோன் வரை பத்து ஊர்கள் நிலைத்தன. சிறு சிறு கூட்டங்களாக வெவ்வேறு மொழி பேசி வாழ்ந்தவர்களை ஓரிடத்தில் குடியமர்த்தி, சிக்கித்தானோ மொழியைப் பொதுமொழி ஆக்கினார்கள். ஜனங்கள் வந்ததற்குப் பக்தி மட்டும் காரணம் இல்லை. அடிமை வேட்டையிலிருந்து பாதுகாப்பு கிடைத்தது, இரும்புக் கோடரியும் கத்தியும் கிடைத்தன. கூடவே கொள்ளை நோய்கள் வந்தன, மணி அடித்தால் எழுந்து மணி அடித்தால் வேலைக்குப் போகும் வாழ்க்கையும் வந்தது. இதைக் காட்டுக்குள் ஒரு சொர்க்கம் என்று எழுதுகிறவர்களையும் நான் நம்புவதில்லை, வெறும் சிறை என்று எழுதுகிறவர்களையும் நம்புவதில்லை.

இங்கே இசைக்கு வந்த இடம் தனி. மார்ட்டின் ஷ்மிட் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தின் பார் என்ற ஊரில் 1694இல் பிறந்தவர், 1730இல் சிக்கிட்டோஸ் வந்து சேர்ந்தவர். ஊர் ஊராகப் பாடகர் குழுவையும் வாத்தியக் குழுவையும் உருவாக்கினார். ஆர்கன் கட்டினார், உள்ளூர் மரத்தில் வயலின் செய்யக் கற்றுக்கொடுத்தார். அப்புறம் யாரிடமும் முறையாகக் கட்டடக்கலை படிக்காமலே சான் ரஃபாயேல், சான் ஹவியேர், கொன்செப்சியோன் ஆகிய மூன்று ஊர்களின் தேவாலயங்களையும் 1740களின் கடைசியிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் கட்டி முடித்தார். ஊருக்கு எழுதிய கடிதங்களில், பாடுவதும் வாசிப்பதும் ஆடுவதும்தான் தன் ஊழியம் என்கிற மாதிரி உற்சாகமாக எழுதியிருக்கிறார். அந்த வட்டாரத்தின் பரோக் என்று நாம் இன்று சொல்வதில் இசை, கட்டடம் இரண்டிலும் இந்த ஒரு மனிதரின் கை பட்டிருக்கிறது. ஐரோப்பாவில் அப்படி ஓர் ஆளைக் காட்டுவது கஷ்டம்.

தமிழ் வாசகர்களுக்கு இந்தச் சபை அந்நியமானது அல்ல. அதே காலத்தில் மதுரை மிஷனில் இருந்த வீரமாமுனிவர் இதே சபைக்காரர்தான். அவர் தேம்பாவணி பாடியதாகச் சொல்லும் 1726ஆம் ஆண்டில்தான், அடுத்து நான் சொல்லப்போகும் இத்தாலிய இசையமைப்பாளர் அர்ஜென்டினாவில் இறந்தார். உள்ளூர்க்காரர்களின் வழியிலேயே உள்ளே நுழைவது என்ற சபையின் உத்தி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். நம் பக்கம் எழுத்தும் இலக்கணமும் ஏற்கனவே கொழுத்துக் கிடந்ததால் அவர்கள் தமிழ் படித்துக் காப்பியம் பாடினார்கள். சிக்கிட்டோஸில் அந்த வேலையைப் பெரும்பாலும் வயலினும் பாட்டும் செய்தன.

அந்த இசையமைப்பாளர் டொமெனிகோ சிப்போலி. 1688இல் பிராத்தோவில் பிறந்தவர். ரோமில் இயேசு சபையின் தலைமைத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர், 1716இல் ஆர்கனுக்கும் கிளாவியர் வகைக்குமான ஒரு தொகுப்பை அச்சிட்டவர். நல்ல பெயர் வரும் நேரத்தில் சபையில் சேர்ந்து 1717இல் தென்னமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அர்ஜென்டினாவின் கோர்தோபாவில் படித்தார். குருப்பட்டம் கொடுக்க ஆயர் இல்லாத காலமாக இருந்ததால் பட்டம் பெறாமலே 37 வயதில் காசநோயில் இறந்தார். ஐரோப்பிய இசை வரலாற்றில் 1716க்குப் பிறகு அவர் காணாமல் போனவர். ரோமின் சிப்போலியும் கோர்தோபாவின் சிப்போலியும் ஒரே ஆள்தான் என்பதை உருகுவே நாட்டு ஆய்வாளர் லவுரோ அயெஸ்தரான் 1941இல்தான் நிறுவினார். விழாச் சுற்றறிக்கைகளில் சிப்போலி பெயரை அடிக்கடி பார்ப்பீர்கள். அதைப் பார்த்து அவர் இந்தக் காட்டில் உட்கார்ந்து எழுதினார் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் சிக்கிட்டோஸில் கால் வைத்ததே இல்லை. அவருடைய இசை படியெடுத்த தாள்களாகத்தான் அங்கே போனது.

அந்தத் தாள்களைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். 1767இல் ஸ்பானிய மன்னர் மூன்றாம் கார்லோஸ் இயேசு சபையைத் தன் ராஜ்ஜியம் முழுவதிலிருந்தும் வெளியேற்றினார். கிழவராகிவிட்ட ஷ்மிட்டையும் அனுப்பிவிட்டார்கள். அவர் 1772இல் லூசெர்ன் நகரில் காலமானார். வாத்தியார்கள் போனபின் இசை ஓரிரு வருஷத்தில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. பழங்குடிப் படியெழுத்தர்கள் பழைய தாள் கிழிந்தால் புதிதாகப் பிரதி எடுத்தார்கள், 19ஆம் நூற்றாண்டிலும் எடுத்தார்கள். 1831 வாக்கில் அங்கே போன பிரெஞ்சு இயற்கையியலாளர் அல்சீத் தொர்பிஞ்ஞி, இத்தாலிய பாணி இசையை அங்கே கேட்டு வியந்து எழுதியிருக்கிறார். துறவிகள் போய் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு கிடைக்கும் சாட்சி இது. வெளியாள் கட்டாயப்படுத்தாமல் ஒரு சமூகம் தானாகவே காத்துவந்தது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம் நிலைமை மாறியது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரப்பர் வியாபாரம் காட்டுக்குள் புகுந்து ஆண்களை வேலைக்கு இழுத்துக்கொண்டு போனது. 1932 முதல் 1935 வரை பராகுவேயோடு நடந்த சாக்கோ போரும் ஆட்களைத் தின்றது. பண்ணை முதலாளிகளிடம் கடனுக்குக் கட்டுப்பட்டு உழைக்கும் ஜனங்களுக்கு இரண்டு வயலினும் ஆர்கனும் வைத்து மாலை வழிபாடு பாட எங்கே நேரம்? தேவாலயக் கூரைகள் ஒழுகின. 1972இல் ஹான்ஸ் ரோத் என்ற சுவிஸ்காரர் சான் ரஃபாயேல் கோயிலைப் பழுதுபார்க்க வந்தபோது, அங்கேயும் சாந்தா ஆனாவிலும் இசைத்தாள்கள் கிடைத்தன. மொத்தம் ஐயாயிரம் பக்கங்களுக்கு மேல். வாசிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் போனபின்னும் அவற்றைப் புனிதப் பொருளாக நினைத்து யாரோ பத்திரப்படுத்தியிருந்தார்கள். இப்போது அவை கொன்செப்சியோன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ரோத் ஒரு சின்ன வேலையாக வந்தவர், 1999இல் இறக்கும் வரை அந்த ஊர்களையே சீரமைத்துக்கொண்டிருந்தார்.

ஆக, உறுதியாகச் சொல்லக்கூடிய தொடர்ச்சி தாளிலும் வழிபாட்டிலும்தான் இருக்கிறது. கபில்தோ எனப்படும் பழங்குடிப் பெரியவர்கள் சபை இன்றும் பல ஊர்களில் உண்டு. புனித வாரச் சடங்குகளை அவர்கள்தான் முன்னின்று நடத்துகிறார்கள். காதால் கேட்டுக் கற்ற குழலும் மேளமும் வயலினும் கலந்த ஊர் இசை ஒன்றும் அறுபடாமல் வந்திருக்கிறது. அது வேறு, ஏட்டில் உள்ள இசை வேறு. காணொளிகள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன. விழாவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஊர் இசையைக் கேட்காமலே திரும்புகிறார்கள் என்பது என் வருத்தம்.

இனி சந்தேகத்துக்குரிய பகுதி. ஏடுகளில் முழு ஸ்கோர், அதாவது எல்லாருடைய பகுதியும் ஒன்றாகச் சேர்ந்த தாள், இல்லை. பத்துப் பேர் ஆடும் கூத்தில் அவரவர் வசனம் மட்டும் அவரவர் கையில் இருப்பதுபோல, முதல் வயலினுக்கு ஒரு தாள், உச்சக்குரலுக்கு ஒரு தாள், அடிச்சுரத்துக்கு ஒரு தாள் என்று தனித்தனியாக இருக்கின்றன. சிலது தொலைந்துவிட்டது, சிலதைப் பூச்சி தின்றுவிட்டது. ஒரு படைப்பை மீட்க வேண்டுமானால் இவற்றைத் தேடிச் சேர்த்து, விடுபட்ட குரலை ஊகித்து எழுத வேண்டும். இந்த வேலையில் போலந்து நாட்டுக் குருவும் இசையியலாளருமான பியோத்தர் நவ்ரோத்தின் பங்கு பெரியது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த பெர்னார்தோ இல்லாரி, லெயோனார்தோ வைஸ்மன் போன்றவர்களும் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். நீங்கள் கேட்கும் ஒரு பாட்டில் எத்தனை பங்கு ஏட்டில் இருந்தது, எத்தனை பங்கு பதிப்பாசிரியர் நிரப்பியது என்பது படைப்புக்குப் படைப்பு மாறும். நல்ல பதிப்புகள் அதைக் குறித்துவிடும். மேடையில் வாசிக்கும்போது யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது சிக்கல் பெயர். பெரும்பாலான தாள்களில் இயற்றியவர் பெயர் கிடையாது. சிப்போலியின் பாணி தெரிகிறது என்று சிலவற்றை அவர் கணக்கில் எழுதுகிறார்கள். சிலவற்றில் வேறு பிரதிகளை ஒப்பிட்டு உறுதியாகச் சொல்ல முடிகிறது. மற்றவை ஊகம்தான். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் பற்றிய ஒரு சிறு ஓபரா (இசை நாடகம்) இந்தத் தாள்களிலிருந்து மீட்கப்பட்டிருக்கிறது. அதைச் சிப்போலி, ஷ்மிட், பெயர் தெரியாத ஒருவர் என்று மூவர் கை வேலை என்கிறார்கள். அதன் இரண்டாம் பகுதியில் சவேரியார் கீழ்த்திசைக்குப் புறப்பட்டுப் போகிறார், இஞ்ஞாசியார் விடைகொடுக்கிறார். அந்தக் கீழ்த்திசையில் நம் கடற்கரையும் அடக்கம். 1542இல் அவர் வந்து இறங்கிய முத்துக்குளித்துறை அது. பொலிவியக் காட்டில் ஒரு பழங்குடிப் பையன் சவேரியாராக நின்று விடைபெறும் காட்சி தூத்துக்குடிக்காரர் எவருக்கும் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும்.

பழங்குடிகள் தாங்களே இயற்றினார்களா? இது ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடும் இடம். சிக்கித்தானோ மொழியில் பாட்டுகள் இருக்கின்றன, எளிமையான ஆனால் தனி மணமுள்ள வாத்தியப் பகுதிகளும் இருக்கின்றன. உள்ளூர்க்காரர் இயற்றியதாக இருக்கலாம், துறவி ஒருவர் உள்ளூர்க்காரர்களுக்காக எளிமைப்படுத்தியதாகவும் இருக்கலாம். பிரதி எடுப்பவர் வெறும் நகலெடுப்பவர் இல்லை என்பது மட்டும் நிச்சயம். கையில் இருக்கும் ஆட்களுக்கு ஏற்பக் குரலை மாற்றுவார், நீளமான பகுதியை வெட்டுவார், ஒரு பாட்டின் மெட்டில் வேறு சொற்களைப் பொருத்துவார். நான் வாசித்த வரையில், இந்தத் தாள்களில் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவுக்குத் தனிப் பகுதி அரிது. இரண்டு வயலின், அடிச்சுரம், அதன் மேல் குரல்கள், அவ்வளவுதான். கைவித்தை காட்டும் இடங்கள் குறைவு, மெட்டு தெளிவு. பாக், விவால்டி போன்ற ஐரோப்பிய பரோக் மேதைகளின் அடர்த்தியை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவார். தினசரி வழிபாட்டில் ஊர் முழுக்கப் பாடுவதற்கான இசை இது, அதை அந்தத் தராசில் நிறுப்பது தவறு.

வாசிப்பு முறை பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், இது என் தொழில். நீங்கள் கேட்ட ஒலிப்பதிவில் மேளமும் கிலுகிலுப்பையும் கிதாரும் துள்ளலாக ஒலித்திருக்கும். பல குழுக்கள் அப்படித்தான் பதிவு செய்கின்றன. ஏடுகளில் தாள வாத்தியத்துக்கு எழுதிய பகுதி கிடையாது. ஊர்வலங்களில் மேளம் இருந்தது, அதற்குச் சாட்சிகள் உண்டு. தேவாலயத்துக்குள் மாலை வழிபாட்டில் அதை அடித்தார்களா என்பது வேறு கேள்வி. இன்றைய குழுக்கள் சேர்ப்பது பெரும்பாலும் இன்றைய கற்பனை, தென்னமெரிக்க இசை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று வெளியில் உள்ளவர்கள் எதிர்பார்ப்பதற்குக் கொடுக்கும் விலை. கேட்க நன்றாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. மேளம் இல்லாமல், இரண்டு வயலினும் சின்ன ஆர்கனும் மட்டும் வைத்து யாராவது வாசித்தால் அதை முதலில் கேளுங்கள் என்பேன்.

கட்டடங்களுக்கு வருகிறேன். ஐரோப்பியத் தேவாலயத்தில் சுவர்தான் பாரம் தாங்கும். இங்கே முறை தலைகீழ். கனமான காட்டு மரங்களை அறுத்து, திருகிய கயிறு மாதிரிச் செதுக்கித் தூணாக நிறுத்துவார்கள். அவற்றின் மேல் பெரிய சாய்கூரையை ஏற்றுவார்கள். சுடாத மண்கல் சுவர் கடைசியில்தான் எழும்பும், அது இடத்தை அடைக்க மட்டும். கூரை வெளியே நன்றாக நீண்டு தாழ்வாரம் ஆகி மண்சுவரை மழையிலிருந்து காக்கும். திருகு தூணை உலகப் புகழ் ஆக்கியவர் ரோமில் பெர்னினி. புனித பேதுரு பெருங்கோயிலின் பலிபீடத்துக்கு மேல் 1620களில் தொடங்கி வெண்கலத்தில் அவர் நிறுத்திய நான்கு தூண்களின் பேரப்பிள்ளைகள்தான் இந்த மரத்தூண்கள். சுவரில் மண்ணின் செம்மஞ்சளும் பழுப்புமாகப் பூவேலை செய்திருக்கிறார்கள். தங்கத்துக்குத் தட்டுப்பாடு வந்த இடத்தில் அப்பிரகத்தைப் பதித்து மினுக்கம் கொண்டுவந்திருக்கிறார்கள். சான் ஹோசே மட்டும் விதிவிலக்கு, அதன் முகப்பு கல்லால் ஆனது, பார்வைக்கே வேறு குடும்பம்.

வயலின்காரனாக எனக்குப் பிடித்தது இந்தக் கட்டடங்களின் ஒலி. கல் கோயிலில் ஒரு சுரம் பல நொடிகள் சுற்றிக்கொண்டே இருக்கும், வேகமாக வாசித்தால் சேறாகிவிடும். மண்சுவரும் மரக்கூரையும் ஒலியை உறிஞ்சிக்கொள்கின்றன. சொல் தெளிவாகக் கேட்கும், குறுஞ்சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. இந்த இசை ஏன் இவ்வளவு எளிமையான, தெளிந்த கோடுகளில் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு ஆட்களின் திறமை மட்டும் காரணமாக இருக்காது, இந்த அறையும் ஒரு காரணம் என்பது என் ஊகம். அதை நிரூபிக்க ஏட்டில் எதுவும் இல்லை. ஆனால் அதே பாட்டை நகரத்து அரங்கில் கேட்டுவிட்டு மறுநாள் சான் ரஃபாயேலில் கேட்டால் நீங்களே ஒரு முடிவுக்கு வருவீர்கள்.

1990இல் யுனெஸ்கோ ஆறு ஊர்களைச் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது: சான் ஹவியேர், கொன்செப்சியோன், சாந்தா ஆனா, சான் மிகேல், சான் ரஃபாயேல், சான் ஹோசே. இவற்றில் பெரிய ஊரான சான் இக்னாசியோ இல்லை, அதன் பழைய தேவாலயம் 20ஆம் நூற்றாண்டில் போய்விட்டது, இப்போது இருப்பது பிற்காலக் கட்டடம். பட்டியலில் உள்ளவற்றிலும் எல்லாம் 18ஆம் நூற்றாண்டு மரம் என்று நினைக்கக் கூடாது. கொன்செப்சியோனில் ரோத்தின் குழு நிறையத் தூண்களைப் புதிதாகச் செதுக்கி வைத்தது, வண்ணங்கள் புதியவை. இப்படிப் புதுப்பிப்பது சரியா என்று வல்லுநர்கள் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தத் தூண்களைச் செதுக்கியவர்கள் உள்ளூர்த் தச்சர்கள், அந்த வேலைக்காகவே அங்கே தச்சுப் பட்டறைகள் உருவாயின. கரையான் தின்ற மூலத்தூணைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதைவிட, அதே கைவேலையைத் தெரிந்தவர்கள் ஊரில் இருப்பது எனக்கு மேலானதாகப் படுகிறது.

இந்தப் பின்னணியில்தான் விழாவைப் பார்க்க வேண்டும். சாந்தா குரூஸ் நகரத்தில் உள்ள கலை பண்பாட்டுச் சங்கம் ஒன்று 1996இல் தொடங்கியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, இரட்டைப்படை ஆண்டுகளில், ஏப்ரல் மாத வாக்கில் நடக்கும். முழுப்பெயர் நீளமானது: அமெரிக்க மறுமலர்ச்சி, பரோக் இசைக்கான சர்வதேச விழா, சிக்கிட்டோஸ் மிஷன்கள். பல நாடுகளிலிருந்து குழுக்கள் வந்து ஊர் ஊராகப் போய் அந்தந்தத் தேவாலயத்திலேயே வாசிப்பார்கள். ஐரோப்பிய உருப்படிகளை மட்டும் வாசித்துவிட்டுப் போகாமல் இந்த ஏடுகளிலிருந்தும் வாசிக்க வேண்டும் என்று குழுக்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். நவ்ரோத் பதிப்பிக்கும் புதிய இசைத்தாள்கள் பல இந்த விழாவை ஒட்டியே முதல்முறை ஒலிக்கின்றன. தொடக்கத்தில் வெளிநாட்டார் வாசிக்க ஊர்க்காரர்கள் கேட்டார்கள். இப்போது பிள்ளைகள் குழுக்களும் மேடையேறுகின்றன.

அந்தப் பிள்ளைகள் விஷயத்தில் உங்கள் காணொளி நேர்மையாக இல்லை. வயலினோடு நிற்கும் அந்தப் பெண், 1750இல் வாசித்த முப்பாட்டனிடமிருந்து வழிவழியாகக் கற்றவள் இல்லை. 1990களுக்குப் பிறகு ஊரில் திறந்த இசைப்பள்ளியில் படித்தவள். மிகப் பெயர்பெற்ற பள்ளி உருபிச்சாவில் இருக்கிறது. அது சிக்கிட்டோஸ் மிஷனே இல்லை, குவாராயோ மக்களின் ஊர், பிரான்சிஸ்கன் சபையினர் அமைத்தது. அங்கே வாசிப்பதோடு வயலின் செய்வதும் நடக்கிறது. குவாராயோ பிள்ளைகள் சிக்கித்தானோ ஏட்டை வாசிப்பதைத் தொடர்ச்சி என்று சொல்ல முடியாது. அதற்காகப் போலி என்றும் சொல்ல மாட்டேன். ஐரோப்பாவிலேயே பரோக் இசை முந்நூறு ஆண்டாக விடாமல் வந்தது இல்லை. குடல்நரம்பு வயலினும் பழைய வாசிப்பு முறையும் அங்கே 20ஆம் நூற்றாண்டில் புத்தகம் பார்த்து மீட்டெடுத்தவைதான், நான் கற்றதும் அந்த மீட்பைத்தான். ஆம்ஸ்டர்டாம்காரர் மீட்டால் ஆராய்ச்சி, உருபிச்சாக்காரர் மீட்டால் சுற்றுலா நாடகம் என்று பார்ப்பது நியாயம் இல்லை.

சுற்றுலாப் பணம் இல்லாமல் இது ஓடாது என்பது உண்மைதான். விழா நாட்களில் விடுதி விலை ஏறும், வெளிநாட்டுக் குழுக்களுக்கே சுவரொட்டியில் பெரிய எழுத்து கிடைக்கும். யாருடைய இசை என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: இயற்றியதில் பெரும்பகுதி ஐரோப்பியர்கள், காப்பாற்றியது முழுக்கச் சிக்கித்தானோ ஜனங்கள், இன்று வாசிப்பது யார் வேண்டுமானாலும். அச்சில் வந்த இசைத்தாளின் அட்டையில் இயற்றியவர், பதிப்பித்தவர் பெயர்கள் இருக்கின்றன. படியெழுத்தர்கள் பெயர் தெரிந்த இடத்திலாவது அதையும் அட்டையில் போட வேண்டும் என்று நான் பதிப்பாளர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். இணையத்தில் தேடினால் செந்நிறக் கல் இடிபாடுகளின் படங்கள் வரும். அவை பராகுவே, அர்ஜென்டினா, பிரேசில் பக்கம் இருந்த குவாரனி மிஷன்கள். அங்கே பல ஊர்கள் அழிந்துவிட்டன, கல் மிஞ்சியிருக்கிறது. சிக்கிட்டோஸில் அப்படிக் கல் இடிபாடுகள் இல்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை நடக்கிறது, சதுக்கத்தில் பிள்ளைகள் பந்தாடுகிறார்கள். இன்னொரு ஏட்டுக் குவியல் வடக்கே மோக்சோஸ் பகுதியில் இருக்கிறது. அங்கே பனையோலையைச் சுருட்டிச் செய்யும் பெரிய ஊதுகுழல்கள் உண்டு. நேரம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அது தனிப் பயணம்.

போகலாமா என்றால், போகலாம், விழா நிரல் வெளியான பிறகு திட்டமிடுங்கள். சாந்தா குரூஸ் வரை விமானம் உண்டு. அங்கிருந்து சான் ஹவியேர் சுமார் 220 கிலோமீட்டர், கொன்செப்சியோன் அதற்கு அப்பால் 60, 70 கிலோமீட்டர். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். அதற்கு மேல் சான் இக்னாசியோ போய், அதை மையமாக வைத்துச் சான் மிகேல், சான் ரஃபாயேல், சாந்தா ஆனா மூன்றையும் பார்த்துவிட்டு, சான் ஹோசே வழியாகத் திரும்பினால் ஒரு வட்டம் முடியும். ஒரு வாரமாவது வேண்டும். நாள் குறைவு என்றால் சான் ஹோசேயை விடுங்கள், சாந்தா ஆனாவை விடாதீர்கள். சின்ன ஊர், கூட்டம் இருக்காது, பழைய ஆர்கனும் அங்கே இருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம், விழா அது முடிந்த பிறகு வருவதால் சாலை பரவாயில்லை. இந்தியாவிலிருந்து போவதாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை, புறப்படப் பத்து நாளுக்கு முன்பாவது போட்டுக்கொண்டு சான்றிதழைக் கையிலேயே வையுங்கள். பொலிவியா அந்த நோய் உள்ள நாடுகள் பட்டியலில் இருப்பதால், திரும்பி வரும்போது சான்றிதழ் இல்லையென்றால் நம் விமான நிலையத்தில் தனிமைப்படுத்திவிடுவார்கள்.